குழிக்குள் விழுந்த ஓநாய்கள்

2012இல் ஐல் ராயல் தீவின் பழைய சுரங்கக் குழி ஒன்றில் மூன்று ஓநாய்கள் செத்துக் கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்புக்காக வெட்டி, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போன குழி. உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தது. விழுந்தவற்றால் ஏறி வர முடியவில்லை. 2011 குளிர்காலக் கணக்கெடுப்பில் தீவில் 16 ஓநாய்கள் இருந்தன, அடுத்த குளிர்காலத்தில் 9. அவ்வளவு சின்னக் கூட்டத்தில் மூன்று என்பது லேசுப்பட்ட நஷ்டமில்லை.

இந்தச் செய்தியைப் படித்தபோது ஓநாய்களை விட அந்தக் குழிதான் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஏன் என்றால், ஐல் ராயல் சட்டப்படி ஒரு வனாந்தரம். 1976 முதல் அதன் நிலப்பரப்பில் சுமார் 99 சதவீதம் அந்த அந்தஸ்தில் இருக்கிறது. மனிதன் வந்து பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளியாக மட்டுமே இருக்கும் இடம், அவன் கைவேலை கண்ணில் படாத இடம் என்று 1964ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் வனாந்தரத்துக்கு இலக்கணம் சொல்கிறது. கைவேலை படாத இடத்தில், மனிதன் வெட்டிய குழியில் விழுந்து ஓநாய் சாகிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? அந்தக் குழியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் முதலில் அதன் பாறையைப் புரிந்துகொள்ள வேண்டும், அதற்கு 110 கோடி ஆண்டு பின்னால் போக வேண்டும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரி இருக்கிறது. ஏரி என்று பேர்தான், 82,000 சதுர கிலோமீட்டர், அலையடித்தால் கப்பல் மூழ்கும். அதன் வடமேற்கு மூலையில் சுமார் 72 கிலோமீட்டர் நீளமும், அகலமான இடத்தில் 14 கிலோமீட்டரும் உள்ள ஒல்லியான தீவு ஐல் ராயல். சுற்றி நானூறுக்கு மேல் குட்டித் தீவுகள். தெற்கிலிருந்து வரும் மேப்பிள் காடும் வடக்கிலிருந்து இறங்கும் ஊசியிலைக் காடும் இங்கே கைகுலுக்குகின்றன. கரையோரம் முழுக்க ஸ்ப்ரூஸ், பால்சம் ஃபிர், வெள்ளைப் பிர்ச் என்று அசல் வடகாட்டு மரங்கள். கனடா, மினசோட்டா கரைகள் 24 கிலோமீட்டர் அளவில் கிட்டத்தில் இருக்க, தீவு சொந்தம் என்னவோ ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மிச்சிகன் மாநிலத்துக்கு. நவம்பரிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை பூங்காவை மூடிவிடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்டில், அங்கே படித்துக்கொண்டிருந்த அக்கா மகனோடு ஹௌட்டன் நகரத்திலிருந்து கப்பலேறிப் போனேன். ஆறு மணி நேரம். அவன் பாதி வழியில் படுத்துவிட்டான். தீவு கண்ணுக்குத் தெரிந்தபோது எழுந்து உட்கார்ந்து, "என்ன மாமா, துணி துவைக்கிற பலகை மாதிரி இருக்கு?" என்றான். அது மிகச் சரியான வர்ணனை என்று அப்போது அவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. தீவு முழுக்க நீளவாக்கில் வரிவரியாக மேடுகள், மேடுகளுக்கு இடையே நீளநீளமான பள்ளங்கள், பள்ளங்களில் குச்சி போன்ற ஏரிகள், சதுப்புகள். எல்லாமே வடகிழக்கிலிருந்து தென்மேற்கு. யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி.

வாரியது பனிப்பாறை. ஆனால் வகிடு எடுத்தது அதற்கும் வெகு முன்னால். சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கண்டம் நடுவில் பிளக்கப் பார்த்தது. இன்றைய கான்சஸிலிருந்து சுப்பீரியர் ஏரி வரை வந்து, அங்கே வளைந்து மிச்சிகனுக்குள் இறங்கும் 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பிளவு. முழுதாகப் பிளந்திருந்தால் நடுவே ஒரு கடல் உருவாகியிருக்கும். பிளவு பாதியிலேயே நின்றுபோனது. ஆனால் நிற்பதற்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகக் கொட்டித் தீர்த்தது. தக்காணத்துப் பீடபூமியின் படிப்படியான எரிமலைப் பாறையைப் பார்த்திருந்தால் உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். அது ஆறரைக் கோடி ஆண்டு விவகாரம், இது அதைப் போல் பதினாறு மடங்கு பழசு. பூமியில் அப்போது ஒரு செடி கிடையாது, ஒரு விலங்கு கிடையாது. பார்க்க ஆள் இல்லாமல் எரிந்து அடங்கிய குழம்பு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. குழம்பு உறைந்து பாறையான பின் அதன் கனத்தைத் தாங்க முடியாமல் நடுப்பகுதி அமிழ்ந்தது. அமிழ அமிழ, அடுக்குகள் ஒரு சட்டி போல வளைந்தன. சட்டியின் உட்பகுதியில்தான் இன்று ஏரி கிடக்கிறது. அதன் வடமேற்கு விளிம்பு ஐல் ராயல், தென்கிழக்கு விளிம்பு மிச்சிகனின் கீவினா தீபகற்பம். தீவில் பாறை அடுக்குகள் தென்கிழக்காகச் சரிகின்றன, கீவினாவில் வடமேற்காக. இரண்டும் ஏரியின் அடியில் சேர்கின்றன. தீவின் முதுகெலும்பாக நீளும் கிரீன்ஸ்டோன் மேடு ஒரே ஒரு குழம்புப் பாய்ச்சல், நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமன். அதே பாய்ச்சலைக் கீவினாவிலும் போய்த் தொட்டுப் பார்க்கலாம். நாங்கள் ஆறு மணி நேரம் கப்பலில் வந்தது ஒரு சட்டியின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குத்தான்.

பாய்ச்சலுக்கும் பாய்ச்சலுக்கும் இடையே ஆறுகள் கொண்டுவந்து போட்ட கூழாங்கல்லும் மணலும் இறுகிப் பாறையாகியிருந்தன. அவை இளசு, எரிமலைப் பாறை முரடு. பனியும் நீரும் இளசைச் சுரண்டித் தின்றன, முரடு மேடாக நின்றது. துவைக்கும் பலகை வந்தது இப்படித்தான். நடந்தால் உடனே புரியும். ஒவ்வொரு மேட்டுக்கும் வடமேற்குப் பக்கம் செங்குத்து, தென்கிழக்குப் பக்கம் சாய்வு. தீவின் குறுக்கே நடப்பவன் ஏறி இறங்கி ஏறி இறங்கி நாக்குத் தள்ளிப்போவான். நீளவாக்கில் நடப்பவனுக்கு ராஜபாட்டை. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறை உருகிப் பின்வாங்கிய பிறகுதான் தீவு தண்ணீரிலிருந்து தலை தூக்கியது. அதன் பாரம் நீங்கிய நிலம் இன்னும் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. கரையிலிருந்து உள்ளே, காட்டுக்குள், ஒரு காலத்து அலைவாய்க் கரைகள் கூழாங்கல்லோடு அப்படியே இருக்கின்றன.

இனி செம்பு. எரிமலைக் குழம்பு உறையும்போது அதில் வாயுக் குமிழ்கள் மாட்டிக்கொண்டு துளைகளாகிவிடும். பிற்பாடு ஆழத்திலிருந்து ஏறிய சுடுநீர் அந்தத் துளைகளிலும் விரிசல்களிலும் செம்பைப் படியவிட்டது. பூமியில் பெரும்பாலான இடங்களில் செம்பு கந்தகத்தோடோ ஆக்சிஜனோடோ கலந்து தாதுவாகத்தான் கிடைக்கும். அதை உருக்கிப் பிரிக்க உலை வேண்டும், கரி வேண்டும், கைப்பக்குவம் வேண்டும். இங்கே அது உலோகமாகவே கிடக்கிறது. உடைத்து எடு, தட்டு, கத்தியாகிவிடும்.

இதைத் தீவுக்கு வந்த மனிதர்கள் குறைந்தது 4,500 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துகொண்டார்கள். கரையில் கிடக்கும் உருண்டைக் கல்லைச் சுத்தியலாக்கி, பாறையை நெருப்பால் சுட்டு, தட்டி, செம்பைக் கழற்றினார்கள். அவர்கள் வெட்டிய குழிகள் நூற்றுக்கணக்கில் இன்றும் தீவில் இருக்கின்றன, உடைந்த சுத்தியல் கற்களோடு. சுப்பீரியர் ஏரிச் செம்பு கண்டத்தின் பல மூலைகளில், ஒஹாயோவின் புதைமேடுகள் வரை கிடைக்கிறது. கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. அனிஷினாபே மக்கள் தீவை மினாங் என்கிறார்கள். பிற்பாடு ஐரோப்பியக் கனவுக்காரர்கள் சிலர், இத்தனை குழிகளை இந்த மக்கள் வெட்டியிருக்க முடியாது, கடல் தாண்டி வந்த வேறு ஏதோ இனம்தான் வெட்டியிருக்க வேண்டும் என்று கதை கட்டினார்கள். இன்னும் கட்டுகிறார்கள். யாரோ ஒருவரின் உழைப்பை அவருடையதில்லை என்று சொல்வது உலகம் முழுக்க ஒரே ராகம்தான்.

1783இல் பாரிஸில் அமெரிக்காவும் பிரிட்டனும் சமாதான ஒப்பந்தம் எழுதியபோது, எல்லைக்கோடு சுப்பீரியர் ஏரியில் ராயல் தீவுக்கும் ஃபெலிப்போ தீவுக்கும் வடக்கே போகும் என்று எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால் ஃபெலிப்போ என்று ஒரு தீவே கிடையாது. பிரெஞ்சுக்கார வரைபடக்காரர்கள் மந்திரி ஒருவரைக் குளிர்விக்க அவர் குடும்பப் பேரில் போட்டுவைத்த கற்பனைத் தீவு. மிச்செலின் 1755 வரைபடத்தில் அது இருந்தது, மேசையில் விரித்திருந்தது அந்த வரைபடம், ஆகவே ஒப்பந்தத்திலும் ஏறிவிட்டது. இல்லாத தீவு ஒன்றும் இருக்கும் தீவு ஒன்றும் ஒரே வரியில் ஒரு நாட்டுக்குச் சொந்தமாயின. அங்கே மீன் பிடித்து, மேப்பிள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1842இல் லா போயிண்ட்டில் ஓர் உடன்படிக்கை போட்டுச் செம்பு நிலத்தை வாங்கினார்கள். அந்தப் பேச்சில் மினாங்கின் சொந்தக்காரர்களான கிராண்ட் போர்ட்டேஜ் மக்களுக்கு இடமே இல்லை. அவர்கள் எதிர்த்துக் கேட்ட பிறகு 1844இல் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதி விஷயத்தை முடித்தார்கள்.

சுரங்கக் கம்பெனிகள் அதற்குள்ளாகவே வந்து இறங்கியிருந்தன. 1840களில் ஒரு அலை, 1870களில் ஒரு அலை, 1890 வாக்கில் கடைசி அலை. மூன்றுமே போண்டி. 1874இல் மினாங் சுரங்கத்தில் இரண்டரை டன் எடையுள்ள ஒரே செம்புக் கட்டி கிடைத்தது. பழைய குழிகளைத் தேடிப்போய் அங்கேதான் புதுசாகத் தோண்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். செம்பு எங்கே இருக்கிறது என்பதை அந்த மக்கள் நாலாயிரம் வருடத்துக்கு முன்பே குறித்துக் கொடுத்திருந்தார்கள். பாறை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் காட்டைக் கொளுத்தினார்கள். இன்று நாம் ஆகா என்று பார்க்கும் பிர்ச் மரக்கூட்டங்கள் பல, தீயெரிந்த நிலத்தில் முதலில் வந்து நிற்பவை.

இந்தக் காலத்திலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆஞ்சலீக் மாட், அனிஷினாபே பெண், இருபது வயதைத் தொடாதவள். 1845 ஜூலையில் அவளையும் அவள் கணவன் சார்லியையும், கண்டெடுத்த செம்புப் பாறை ஒன்றுக்குக் காவலாகத் தீவில் விட்டுவிட்டுப் போனார்கள். சில வாரத்தில் சாப்பாட்டுச் சாமான் வந்துவிடும் என்று சொன்னார்கள். படகு வரவில்லை. கையிலிருந்தது அரைப் பீப்பாய் மாவு, கொஞ்சம் வெண்ணெய், கொஞ்சம் பீன்ஸ். இலையுதிர் காலப் புயலில் இருந்த மரக்கலமும் போயிற்று. மரப்பட்டை, வேர், காட்டுப்பழம் என்று தின்றார்கள். சார்லிக்குப் பசியில் புத்தி பிசகியது, அவளையே கொன்று தின்பதாகச் சொல்லிக் கத்தியைத் தீட்டினான். பிறகு செத்துப்போனான். பிணத்தைப் புதைக்கத் தரை இறுகிக் கிடந்தது, குடிசையில் நெருப்பு மூட்டினால் அது கெட்டுப்போகும். ஆகவே பிணத்தை அங்கேயே விட்டுவிட்டு இன்னொரு குடிசை கட்டிக்கொண்டாள். தலைமுடியைப் பிடுங்கித் திரித்துக் கண்ணி செய்து முயல் பிடித்தாள். அடுத்த ஆண்டு வசந்தத்தில் படகு வந்தபோது அவள் உயிரோடு இருந்தாள். அவர்கள் காவல் காத்த செம்புக்கு என்ன விலை கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற மனசு எனக்கு வரவில்லை. தீவின் பக்கத்தில் மாட் தீவு என்று ஒன்று இருக்கிறது. பூங்கா அலுவலகம் கோடையில் அங்கேதான் இயங்குகிறது.

சுரங்கங்கள் மூடிய பிறகு நார்வே, ஸ்வீடன் பக்கத்து மீனவக் குடும்பங்களும் கோடை விடுதிக்காரர்களும் தீவில் இருந்தார்கள். கரிபூ மான்களும் லிங்க்ஸ் பூனைகளும் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் வந்து சேர்ந்தது. குதிரை உயரம், வளர்ந்த ஆண் நானூறு கிலோவுக்கும் மேல், உலகின் மிகப் பெரிய மான். அது 24 கிலோமீட்டர் ஏரியை நீந்தி வந்தது என்கிறது ஒரு தரப்பு, வேட்டைப் பிரியர்கள் படகில் கொண்டுவந்து விட்டார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டாவது உண்மையானால், வனாந்தரத்தின் முத்திரை மிருகமே ஒரு இறக்குமதி.

தின்ன எவனும் இல்லாத தீவில் மூஸ் பெருகியது. 1929, 30இல் வந்து பார்த்த அடால்ஃப் மூரி என்கிற உயிரியலாளர், காடு மொட்டையாகிக்கொண்டிருக்கிறது, இந்தக் கூட்டம் பட்டினியில் சரியப்போகிறது என்று எச்சரித்தார். நாலைந்து வருடத்துக்குள் அப்படியே நடந்தது. 1936இல் பெரிய காட்டுத்தீ தீவின் ஐந்தில் ஒரு பங்கை எரித்தது. எரிந்த இடத்தில் இளங்கன்றுகள் தளிர்க்க, மூஸுக்கு மறுபடி விருந்து. இதற்கிடையே டிட்ராய்ட் செய்தியாளர் ஆல்பர்ட் ஸ்டோல் வருடக்கணக்கில் எழுதி எழுதி, தீவைத் தேசியப் பூங்காவாக்க வைத்திருந்தார். 1931இல் சட்டம், 1940இல் பூங்கா. நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். மீனவர்கள் படிப்படியாக வெளியேறினார்கள். இப்படித்தான் வனாந்தரம் தயாரிக்கப்பட்டது என்று சொன்னால் கசப்பாக இருக்கும், ஆனால் நடந்தது அதுதான்.

1940களின் இறுதியில் ஏரி உறைந்த ஒரு குளிர்காலத்தில் ஓநாய்கள் பனிமேல் நடந்து வந்தன. யாரும் அழைக்கவில்லை. அவை வந்த பிறகு, அதுவரை இருந்த கோயோட்டி நரிகள் பத்து வருடத்துக்குள் இல்லாமல் போயின. ஓநாயும் மூஸும் மட்டும். வேட்டைக்காரன் கிடையாது, கரடி கிடையாது, மான் கிடையாது. ஒரு வேட்டையாடி, ஒரு இரை, சுற்றிலும் தண்ணீர். பர்டூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் இதைப் பார்த்ததும், இது ஒரு பரிசோதனைச் சாலை என்று புரிந்துகொண்டார். 1958இல் ஆய்வு தொடங்கியது. இன்றும் தொடர்கிறது. ஒரு வேட்டையாடியையும் அதன் இரையையும் பற்றி இத்தனை காலம் இடைவிடாமல் நடக்கும் ஆய்வு உலகில் வேறில்லை.

ஆலனின் முதல் மாணவர் டேவிட் மெக். பனிச்சறுக்குக் கட்டை பொருத்திய சின்ன விமானத்தில் ஓநாய்க் கூட்டத்தின் தடத்தைப் பின்தொடர்ந்தார். அவர் கண்ட கணக்கு அதுவரை ஓநாயைப் பற்றி இருந்த பயங்கரக் கதைகளைக் கவிழ்த்துப் போட்டது. கூட்டம் நெருங்கிச் சோதித்துப் பார்த்த 77 மூஸ்களில் கொன்றது 6. மற்றவை ஓடித் தப்பின, அல்லது நின்று முறைத்தன, ஓநாய்கள் திரும்பிப் போயின. நின்று முறைக்கும் மூஸின் ஒரு உதை ஓநாயின் மண்டையைப் பிளக்கும். ஆகவே கிடைப்பது கன்று, கிழடு, நோய்ப்பட்டது. இன்னொரு பக்கம், மாணவர்களும் தன்னார்வலர்களும் கோடையில் முதுகில் சுமை கட்டிக்கொண்டு தீவு முழுக்க மூஸ் எலும்பு பொறுக்குகிறார்கள். பல்லை அறுத்தால் மரத்தில் போல வருட வளையம் தெரியும், வயசு சொல்லிவிடலாம். குட்டியாக இருக்கையில் பட்டினி கிடந்த மூஸுக்குக் கிழவயதில் மூட்டுவாதம் வருகிறது என்று இந்த எலும்புக் குவியலிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். தூரத்து ஆலைகளின் பாதரசமும் அதே பற்களில் பதிவாகியிருக்கிறது. கைபடாத காட்டின் பல்லில் ஊர்ப் புகை.

மரமும் பேசியது. மூஸ் குளிர்காலத்தில் தின்பது பால்சம் ஃபிர். 1994இல் வெளியான ஒரு ஆய்வில் ஃபிர் மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஓநாய் குறைந்த காலத்தில் மூஸ் கூடி, வளையம் ஒடுங்கியிருந்தது. ஓநாய் கூடிய காலத்தில் வளையம் விரிந்திருந்தது. ஒரு மரம் எவ்வளவு வளர வேண்டும் என்பதை அதைக் கடிக்காத ஒரு மிருகம் தீர்மானிக்கிறது. தீவின் மேற்குக் கோடியில் மூஸ் கடித்துக் கடித்து இடுப்பளவிலேயே நின்றுபோன ஃபிர் செடிகளைப் பார்த்தேன். அவற்றுக்கு எத்தனை வயசிருக்கும் என்று கேட்டதற்கு எங்களுக்கு வழிகாட்டிய ரேஞ்சர் சிரித்துக்கொண்டே, "உங்களை விடப் பெரியவையாகக்கூட இருக்கலாம்" என்றார்.

ஓநாய்களின் கணக்கு 1980இல் 50. உச்சம். அதன் பிறகு யாரோ ஒருவர் விதியை மீறித் தீவுக்கு ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதன் வழியே பார்வோ வைரஸ் வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1982இல் ஓநாய்கள் 14. வைரஸ் போன பிறகும் கூட்டம் தேறவில்லை. எல்லாம் தாயாதி, பங்காளி. வெளி ரத்தம் கிடையாது. மூஸ் 1995இல் 2,400ஐத் தாண்டியது. 1996 குளிர்காலத்தில் உண்ணியும் பட்டினியும் கடும்பனியும் சேர்ந்து அதில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போயின. 1997இல் கனடாப் பக்கமிருந்து ஒரு ஆண் ஓநாய் பனிமேல் நடந்து வந்தது. ஆய்வாளர்கள் வைத்த பேர் கிழட்டுச் சாம்பலன், எழுத்தில் எம்93. ஒற்றை விருந்தாளி சில வருடத்துக்குக் கூட்டத்தைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் அதன் வாரிசுகளே தீவை நிறைத்ததும் மறுபடி பழைய கதை. கிடைத்த ஓநாய் எலும்புகளில் முதுகெலும்பு கோணியிருந்தது.

அந்த நிலையில்தான் மூன்று ஓநாய்கள் குழிக்குள் விழுந்தன. 2014இல் ஏரி உறைந்தது, புது ஓநாய் ஒன்று வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. மாறாக இசபெல் என்று பேர் வைத்திருந்த பெண் ஓநாய் தீவைவிட்டுப் பனிமேல் நடந்துபோய், மினசோட்டாக் கரையில் ஏர்கன் குண்டு பட்டுச் செத்தது. 2016இல் மிஞ்சியது இரண்டு. ஒன்று அப்பா, ஒன்று மகள். ஒரே தாய் வயிற்றில் பிறந்ததால் அவை அண்ணன் தங்கை முறையும்கூட.

இப்போது கேள்வி. சாகவிடலாமா? மெக் போன்றவர்கள் பொறுத்திருந்து பார்க்கலாம் என்றார்கள். வனாந்தரம் என்றால் கையைக் கட்டிக்கொள்வது, தீவில் இனங்கள் வருவதும் அழிவதும் இயல்பு. பல்லாண்டுகளாக ஆய்வை நடத்திவந்த ரோல்ஃப் பீட்டர்சனும் ஜான் வுசெடிச்சும், புது ஓநாய் கொண்டுவர வேண்டும் என்றார்கள். முன்பெல்லாம் பத்துக் குளிர்காலத்தில் ஏழெட்டில் பனிப்பாலம் உண்டாகும், இப்போது அது அபூர்வம். ஏரியைச் சூடாக்கிப் பாலத்தை உடைத்தது நாம். உடைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது நியாயமா என்பது அவர்கள் வாதம். 2014இல் பூங்காத் துறை தலையிடுவதில்லை என்று முடிவெடுத்தது, 2018இல் மாற்றிக்கொண்டது.

இந்த வாதத்தில் நான் பீட்டர்சன் பக்கம். ஆனால் காரணம் பனிப்பாலம் மட்டும் இல்லை. கையைக் கட்டிக்கொள்வது என்று பேசுகிறவர்கள், கைகள் இதுவரை கட்டியே இருந்தன என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். செம்பு எடுத்த கை, காட்டைக் கொளுத்திய கை, கரிபூவைச் சுட்ட கை, நாயைக் கூட்டிவந்த கை, குழியை மூடாமல் போன கை. இன்று தீவில் எது மனிதன் செய்தது, எது தானாக நடந்தது என்று பிரித்துக் கொடு என்றால் யாராலும் முடியாது. அக்கா மகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கூடாரத்துக்கு முன் உட்கார்ந்து நூடுல்ஸ் கிண்டிக்கொண்டே, "அப்படிப் பார்த்தா எங்கயும் எதையும் செய்யலாம்னு ஆயிடுமே மாமா, அடுத்து ரோடு போடுறேன்பாங்க" என்றான். அவன் பயம் நியாயமானது. தூரத்தில் ஏதோ ஒரு உள் ஏரியில் லூன் பறவை பைத்தியம் பிடித்த மாதிரிச் சிரித்தது. அதற்கு மேல் நாங்கள் வாதாடவில்லை.

2018 செப்டம்பர் தொடங்கி ஒரு வருடத்தில் 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சில, ஒன்டாரியோவின் மிச்சிபிகோட்டன் தீவில் கரிபூவை எல்லாம் தின்றுதீர்த்துவிட்டுப் பட்டினி கிடந்தவை. முதலில் வந்த நான்கும் கிராண்ட் போர்ட்டேஜ் மக்களின் நிலத்தில் பிடித்தவை. 1842இல் யாரைக் கேட்காமல் தீவை எழுதி வாங்கினார்களோ, அவர்களிடமிருந்தே ஓநாய் வாங்க வேண்டி வந்தது. அனிஷினாபே கதைகளில் ஓநாயும் முதல் மனிதனும் சேர்ந்து உலகைச் சுற்றிவந்த சகோதரர்கள். 2019 தொடக்கத்தில் மினாங் என்ற பேரிலேயே தீவு முழுவதும் அம்மக்களின் மரபுப் பண்பாட்டு இடமாகத் தேசியப் பதிவேட்டில் ஏறியது. சட்டப்புத்தகத்தில் அது இப்போது ஒரே சமயத்தில் ஆளில்லாத வனாந்தரமும் ஆளிருந்த வீடும்.

2024 கணக்கெடுப்பில் ஓநாய்கள் சுமார் 30, மூஸ் 840 அளவில். 2019இல் மூஸ் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தது. மேற்குக் கோடியில் கட்டையாக நின்ற ஃபிர் செடிகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கும்.

முதலில் கொண்டுவந்த நான்கில் ஒரு ஆண் சில வாரத்திலேயே செத்துப்போனது. ஒரு பெண், கழுத்தில் ரேடியோப் பட்டையோடு தீவைச் சுற்றிக்கொண்டிருந்தது. 2019 ஜனவரி கடைசியில் கடுங்குளிரில் ஏரி உறைந்து பாலம் கட்டியது. ஜனவரி 31 அன்று அது பனிமேல் இறங்கி, 24 கிலோமீட்டரும் நடந்து, வந்த கரைக்கே திரும்பிப் போய்விட்டது.